பகல் வெளிச்சத்தில் தேர்வான இரவுநோக்கி

ப்ளாக்ஸ்டேர் பள்ளத்தாக்கு முயல் தடுப்பு வாரியம் முயல்களைத் தடுப்பதில் பெயர் வாங்கியதில்லை. ஆனால் கூட்டம் போடுவதில் அதை அடித்துக்கொள்ள பூமியின் தென்கோடியிலுள்ள மத்திய ஒடாகோவில் வேறெந்த அமைப்பும் கிடையாது. முயல்கள் புதிய மேடுகளைக் குடைந்தபோதெல்லாம் வாரியம் புதிய துணைக்குழுக்களை அமைத்தது. இரண்டில் எது வேகமாகக் குட்டி போடுகிறது என்று பள்ளத்தாக்கில் சிலர் பந்தயம் கட்டியதும் உண்டு. வாரியத்தின் மீது கட்டியவர்கள் தோற்கவில்லை.

ஆட்டுப் பண்ணைக்காரி நோயலீன் டவுலுக்கு அந்த வாரியத்தோடு அதிகம் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. முயல் சுடுவது அவளுக்கும் அலிஸ்டருக்கும் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். அவன் ஒரு கையால் பிக்கப்பை ஓட்டியபடி மறு கையால் ஃபோகஸ் லைட்டைச் சன்னலுக்கு வெளியே பிடிப்பான். அவள் பின்தட்டில் நின்று சுடுவாள். மற்ற வீடுகளில் கணவன் சுட மனைவி விளக்குப் பிடிப்பது வழக்கம். இவர்கள் வீட்டில் யாருக்குக் குறி நன்றாக இருந்ததோ அவருக்குத் துப்பாக்கி என்று முடிவாகிவிட்டது. அலிஸ்டருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "நான் காட்றேன், இவ சுடுறா. எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான்," என்று கம்பளி ஏலத்தில்கூடச் சொல்லிக்கொண்டு திரிவான்.

ஆகஸ்டில் அலிஸ்டர் இறந்துபோனான். விளக்குப் பிடிக்க ஆளில்லை.

நோயலீன் விளக்கை வண்டிக்கூரையில் கட்டிப் பார்த்தாள். கட்டிய திசையில்தான் அது வெளிச்சம் போட்டது. முயல்கள் மற்ற திசைகளில் உட்கார்ந்து குதிரைமசால் பயிரை மேய்ந்தன. விளக்கைக் கையில் பிடித்தால் துப்பாக்கி இல்லை; துப்பாக்கியைப் பிடித்தால் விளக்கு இல்லை. வசந்தம் பாதி போவதற்குள் கீழ்வயல் மொட்டையடித்த தலைபோல் ஆகிவிட்டது.

அக்டோபரில் வாரியத்தின் கள அலுவலர் லையல் ப்ரென்டிஸ் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். முயல் புழுக்கையைப் பார்த்து நிலத்துக்கு மதிப்பெண் போடுவது அவர் வேலை. ஒன்று என்றால் முயலே இல்லை. எட்டு என்றால் நிலமே இல்லை. மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நோயலீனின் நிலத்துக்கு ஆறு போட்டார்.

"மார்ச்சுக்குள்ள மூணுக்குக் கொண்டாந்துருங்க, நோயலீன். இல்லேன்னா குளிர்காலத்துல நாங்களே விமானத்துல விஷக் கேரட் தூவ வேண்டியிருக்கும்."

நோயலீன் சட்டென்று முற்றத்தைப் பார்த்தாள். மோஸ் அங்கே வெயிலில் படுத்திருந்தது. அலிஸ்டர் வளர்த்த நாய். அவன் குரலுக்கே பழகிய காது. இப்போது யார் கூப்பிட்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்து வரும். செத்தது எதைக் கண்டாலும் தின்னும். விஷம் தின்ற முயலின் ஒரு தொடை போதும், அதன் கதை முடிந்துவிடும்.

"மோஸ் இருக்கே," என்றாள்.

"கட்டிப் போட்டுறலாமே."

"எவ்வளவு நாளைக்கு?"

"செத்த முயலெல்லாம் மக்கி முடியற வரைக்கும். குளிர்ல மக்க கொஞ்சம் லேட்டாகும். வசந்தம் வரைக்கும்னு வெச்சுக்கோங்க."

"அது மலை ஏறி ஆடு ஓட்டுற நாய், லையல். அவ்வளவு நாள் சங்கிலியில கெடந்தா ஏங்கியே செத்துரும்."

"அப்ப அது விஷத்தால செத்ததா ஆகாது," என்றார் லையல் ஆறுதலாக. "எங்க கணக்குல வராது."

அப்போதுதான் நோயலீன் இரவுநோக்கி பற்றிக் கேட்டாள். துப்பாக்கிமேல் பொருத்தினால் இருட்டிலும் தெரியும், விளக்கே வேண்டாம், ஒற்றை ஆளாகச் சுடலாம் என்று டனீடின் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரன் சொல்லியிருந்தான். லையலின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்ல யோசனை. ஆனா அங்கீகாரப் பட்டியல்ல இருக்கறதத்தான் வாங்கணும். போன வருஷம் விதி போட்டிருக்கோம். பட்டியல்ல இல்லாத கருவியால சுட்ட முயல் செத்ததா எடுத்துக்க மாட்டோம்."

"பட்டியல்ல என்ன இருக்கு?"

"தலைப்பு இருக்கு," என்றார் லையல்.

பட்டியலின் மீதியை நிரப்பத்தான் நவம்பரில் சோதனைக் கூட்டம் கூடியது. அழைப்பின் அடியில் வழக்கம்போல 'பெண்கள் ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுவரவும்' என்று போட்டிருந்தது. நோயலீன் இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல் ஒரு டஜன் சுட்டு, துணியில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுபோய் மண்டபத்தின் கோடியில் மேசைமேல் வைத்தாள்.

ஊழியர்கள் மாலை நாலரைக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதால் இரவுநோக்கிச் சோதனை மதியம் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. சன்னல்களுக்குக் கம்பளிச் சாக்குகளைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். எதிர்ச்சுவர் ஓரம் ஒரு முக்காலியில் முயல் உட்கார்ந்திருந்தது. பஞ்சடைத்த முயல். யாரோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. ஒரு காது கிடையாது.

தலைவர் டெஸ்மண்ட் கில்லெஸ்பி எழுந்தார். கனத்த குரல், கனத்த உடம்பு.

"நண்பர்களே, சந்தையில ஆயிரம் கருவி இருக்கு. விவசாயி பாவம், எதை வாங்கறதுன்னு தெரியாம எதையாவது வாங்கி, முயலைச் சுட்டுத் தொலைச்சுடறான். இந்த ஒழுங்கீனத்துக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டறோம்."

கைதட்டினார்கள்.

முதலில் வெப்பநோக்கி. உடம்புச் சூட்டை வைத்துக் காட்டும் கருவி. இருக்கிறதிலேயே விலை கூடினது. லையல் அதைக் கண்ணில் வைத்து முக்காலிப் பக்கம் நெடுநேரம் பார்த்தார்.

"முயல் தெரியல."

தலைவர் வாங்கிப் பார்த்தார். "தெரியல. ஆனா அந்தக் கோடியில பளபளன்னு பன்னெண்டு தெரியுதே, அது என்ன?"

"அது நோயலீனோட சாசேஜ் ரோல்," என்றார் பின்வரிசையிலிருந்து ஸ்னோ. அடுத்த பண்ணைக்காரர், தலை சின்ன வயதிலேயே நரைத்ததால் வந்த பெயர். "ஏன்யா லையல், பஞ்சடைச்ச முயலுக்கு ஏதுய்யா சூடு?"

"விதியில 'முயல்'னுதான் இருக்கு. 'உயிருள்ள முயல்'னு இல்ல."

"அப்ப ஒரு வெந்நீர்ப் புட்டியை அது முதுகுல கட்டு."

கட்டினார்கள். மறுபடி பார்த்தார்கள். முயலின் முதுகு விளக்குப்போல் ஒளிர்ந்தது. மண்டபத்தில் நிம்மதி பரவுவதற்குள் துணைக்குழுவின் சட்ட உறுப்பினர் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். இப்ப கருவி கண்டுபிடிச்சது முயலையா, புட்டியையா?"

நெடுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் லையல் முடிவை உரக்கப் படித்தார்: "வெப்பநோக்கி. வெந்நீர்ப் புட்டியைக் கண்டறிகிறது. பலகாரத்தை மிகச் சிறப்பாகக் கண்டறிகிறது. முயலைக் கண்டறியவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

அதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது. மீதிக் கருவிகளை வயலிலேயே, உண்மையான இரவில் சோதிப்பது என்று தீர்மானித்தார்கள். ஊழியர்கள் இரவு எட்டு மணிவரை வேலை செய்யச் சிறப்பு அனுமதியும் கிடைத்தது. டிசம்பர் நடுவில் நாள் குறித்தார்கள்.

டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கில் பத்து மணிக்குத்தான் இருட்டும் என்பது அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வாரியத்துக்கும் தெரியும். ஆனால் ஏழிலிருந்து எட்டுவரை என்று அனுமதி வந்துவிட்டது. அதில் 'இரவு' என்றும் எழுதியிருந்தது.

நோயலீனின் வயலில்தான் கூடினார்கள். வெயில் முதுகைச் சுட்டது. எல்லோரும் இருட்டில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமலிருக்க ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார்கள். லையல் நெற்றியில் டார்ச்சும் கட்டியிருந்தார். எதிர்ச்சரிவில் ஒரு முயல் புதருக்கு வெளியே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. இத்தனை பேரைப் பார்த்தும் அது ஓடவில்லை. அதற்கும் வாரியத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கருவி குழாய்வகை. நட்சத்திர வெளிச்சமே போதும் அதற்கு. வெயிலில் மூடியைத் திறந்தால் உள்ளே எரிந்து போய்விடும்.

"மூடியைத் தொறக்காதீங்க," என்றாள் நோயலீன். "பெட்டி மேலயே போட்டிருக்கு."

"மூடியைத் தொறக்காம எப்படிம்மா பாக்கறது?" என்று தலைவர் திறந்தார். உள்ளே பச்சையாக ஒரு மின்னல் அடித்தது. அப்புறம் ஒன்றுமில்லை. தலைவர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள கும்மிருட்டா இருக்கு."

"அப்ப இரவு வந்துருச்சு," என்றார் ஸ்னோ.

மூன்றாவது டிஜிட்டல் கருவி. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைத் திரையில் காட்டும். அது பகலிலும் வேலை செய்தது. முயலின் மீசை முடிகூடத் தெரிந்தது. நோயலீன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எடை குறைவு. அவள் துப்பாக்கிக்கு அளவாகப் பொருந்தும். அப்போது சட்ட உறுப்பினர் இருமினார்.

"இந்தப் பள்ளத்தாக்கு விண்மீன் பாதுகாப்புப் பகுதி. ராத்திரியில வானம் இருட்டாவே இருக்கணும்னு நாமதான் கையெழுத்துப் போட்டோம். இந்தக் கருவி ஒளி பாய்ச்சுது."

"அது கண்ணுக்குத் தெரியாத ஒளிங்க," என்றாள் நோயலீன்.

"அதுதாம்மா பயமா இருக்கு. தெரிஞ்சாலாவது எவ்வளவுன்னு அளக்கலாம்."

அதையும் ஓரமாக வைத்தார்கள்.

பெட்டியில் மிச்சம் இருந்தது ஒன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக லையல் கொண்டுவந்திருந்த சாதாரணப் பகல் ஸ்கோப், துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி. வேட்டைக்காரன் எவன் வீட்டிலும் கிடக்கும். அதைக் கண்ணில் வைத்தவர் ஒவ்வொருவராக "ஆகா" என்றார்கள். முயல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. மதிப்பெண் கூட்டிப் பார்த்தபோது அதுவே எல்லாவற்றையும் முந்தி நின்றது.

"முடிவு தெளிவா இருக்கு," என்றார் தலைவர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "இரவுச் சோதனையில ஜெயிச்சது இதுதான்."

"இது பகல் ஸ்கோப்புங்க!" என்றாள் நோயலீன். "இருட்டினா இதுல ஒண்ணுமே தெரியாது."

லையல் பொறுமையாகச் சொன்னார்: "தெரியாதுன்னு சோதனையில வரலையே. நாம ஆதாரத்தை வெச்சுத்தான் பேச முடியும்." பிறகு வண்டியில் சாய்த்திருந்த அவள் துப்பாக்கியைப் பார்த்தார். "அட, உங்ககிட்ட இருக்கறதும் அதே ஸ்கோப்தான்! அப்ப அங்கீகாரம் பெற்ற இரவுநோக்கி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. வாழ்த்துக்கள். இனிமே மார்ச்சுக்குள்ள மூணுக்கு வரலேன்னா கருவி இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது."

எட்டு மணி ஆனதும் இரவு முடிந்தது. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேற்கே இறங்கும் சூரியனுக்கு எதிரே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஸ்னோ தன் சமையலறை மேசையில் இரண்டு கருவிகளைப் பரப்பினார். பள்ளத்தாக்கில் எல்லோரிடமும் இப்படி ஒன்றிரண்டு, வாரியத்தின் காதுக்கு எட்டாமல், மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

"இங்க பாரு நோயலீன். இது வெப்பநோக்கி. முயல் எங்க இருக்குன்னு காட்டும், என்னன்னு காட்டாது. எல்லாம் வெள்ளைப் பொட்டு. முயலும் பொட்டு, ஆட்டுக்குட்டியும் பொட்டு, வேலிக்கு அந்தாண்ட ஒதுங்கப் போன என் மச்சானும் பொட்டு. இது டிஜிட்டல். தூரம் கம்மி, ஆனா காதும் மூக்கும் தெரியும். எது வேணும்?"

நோயலீன் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள். ஓட்டுவதும் தேடுவதும் சுடுவதும் பொறுக்குவதும் இனி அவள் ஒருத்திதான். தூரம் போதாவிட்டால் பக்கத்தில் போகலாம். தவறாகச் சுட்டதைத் திருப்ப முடியாது.

"காது தெரியறது," என்றாள்.

"மாட்டிக்கிட்டேன்னா என் பேரைச் சொல்லாத."

"உன் மச்சான் பேரைச் சொல்றேன்."

கோடை முழுக்க அவள் போனாள். விளக்கில்லாமல், எஞ்சினை அணைத்துவிட்டு, வேலிக்கம்பத்தில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு. திரையில் முயல்கள் சாம்பல் நிறமாக, எதையும் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருக்கும். குறி தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் ஒரு கணம் தாமதித்தாள். "இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம், ஆங்" என்று ஒரு குரல் சொல்லி முடிக்கட்டும் என்று காது காத்திருந்தது. கருவியில் அந்த வசதி இல்லை.

மார்ச்சில் லையல் வந்து புழுக்கை தேடினார். மத்தியானம்வரை தேடினார். கடைசியில் இரண்டு போட்டார். வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் இரண்டு போட்டதில்லை.

"அங்கீகரிச்ச கருவியோட அருமையைப் பாத்தீங்களா!" என்றார்.

நோயலீன் மோஸின் தலையைத் தடவினாள்.

உண்மையை அவள் சொல்லாமலே போயிருக்கலாம். ஆனால் மே மாத ஆண்டுக்கூட்டத்தில் தலைவர் அவளை மேடைக்கு அழைத்தார்.

"நண்பர்களே! நம்ம அங்கீகாரத்தைக் கேலி பண்ணவங்க உண்டு. இதோ, கணவரை இழந்த ஒரு பெண், தனி ஆளா, வாரியம் தேர்ந்தெடுத்த கருவியால ஆறை ரெண்டாக்கியிருக்காங்க. இதுக்கு மேல நிரூபணம் வேணுமா? அதனால ஒரு தீர்மானம் கொண்டுவரேன். பள்ளத்தாக்குல இருக்கற மத்த எல்லா ராத்திரிக் கருவியையும் வாரியம் பறிமுதல் செய்யும். வீடு வீடா வருவோம். மாவு டப்பாவுக்குப் பின்னாலயும் பாப்போம்."

ஸ்னோவின் முகம் தலைமுடியின் நிறத்துக்கு வந்திருந்தது. கருவி போனால் அடுத்த கோடையில் அத்தனை பேர் வயலும் மொட்டை. அத்தனை பேர் நாய்க்கும் சங்கிலி. ஆனால் அவள் "ஆமாம்" என்றால் போதும், இந்தக் குளிர்காலத்துக்கு மோஸ் பிழைத்தது. ஒரே ஒரு சொல்.

"சொல்லுங்கம்மா," என்றார் தலைவர் சிரித்தபடி, "நம்ம கருவி எப்படி?"

"பகல்ல நல்லாத் தெரியுதுங்க," என்றாள் நோயலீன். "ராத்திரியில ஒண்ணும் தெரியல. முயல் அத்தனையும் நான் வேற கருவியால சுட்டேன். நீங்க ஓரமா வெச்சீங்களே, அந்த மாதிரி ஒண்ணு."

தலைவர் உட்கார்ந்தார். சட்ட உறுப்பினரோடு கிசுகிசுத்தார். எழுந்தபோது குரலில் துக்கம் இருந்தது.

"அப்படின்னா தீர்மானத்துக்கு ஆதாரம் இல்ல. அதை வாபஸ் வாங்கறேன். ஆனா விதி விதிதான். அங்கீகாரம் இல்லாத கருவியால சுட்ட முயல் செத்ததா ஆகாது. வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் உங்க முயல் அத்தனையும் உயிரோட இருக்கு. உங்க நிலம் ஆறுதான். ஜூன்ல கேரட் தூவறோம்."

வெளியே வந்ததும் ஸ்னோ அவள் தோளைப் பிடித்தார். "அடி பைத்தியக்காரி, ஆமான்னு சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருக்கலாம்," என்றாள். வீடு வரைக்கும் வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

ஜூனில் ஆடுகளைக் கேரட் விழாத மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டாள். மோஸுக்குச் சங்கிலி வாங்கி வைத்தாள்; கட்டக் கை வரவில்லை. லையல் வந்து நடைமுறையை விளக்கினார்.

"பயப்படாதீங்க, எடுத்ததும் விஷம் கெடையாது. முயல் சந்தேகப் பிராணி. முதல்ல நல்ல கேரட் போட்டுப் பழக்கணும். அதை அதுங்க தின்னு முடிச்சாத்தான் அடுத்தது விஷக் கேரட். தின்னலேன்னா விஷம் போடக் கூடாது. அதுவும் விதிதான்."

விமானம் வந்தது. நறுக்கிய கேரட் உறைபனிமேல் ஆரஞ்சு மழையாகக் கொட்டியது. ஒரு வாரம் கழித்து லையல் வந்து பார்த்தார். கேரட் போட்டபடி கிடந்தது. மறுபடி தூவினார்கள். மறுபடி கிடந்தது. வாரியத்தைப் பொறுத்தவரை உயிரோடு இருந்த முயல்களில் ஒன்றுகூட வாரியத்தின் கேரட்டை முகர்ந்து பார்க்கவில்லை.

வாரியம் அவசரமாகக் கூடியது. முயல்கள் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுக்கின்றன என்று தலைவர் குற்றம் சாட்டினார். கேரட் சுவைத் துணைக்குழு அமைக்கப்பட்டது. வடக்கிலிருந்து இனிப்பான ரகம் வரவழைத்தார்கள். மூன்றாம் முறை, நான்காம் முறை. ஒவ்வொரு முறையும் மிஞ்சிய நல்ல கேரட் மூட்டையை நிலக்காரருக்கு நன்றிக்கடனாக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் ஒரு மாலை லையல் தொலைபேசியில் அழைத்தார். குரல் களைத்திருந்தது.

"நோயலீன், உண்மையைச் சொல்லுங்க. ஒரு துண்டாவது யாராவது தின்னாங்களா? ஒரே ஒரு முயல் தின்னதா நீங்க சொன்னாக்கூடப் போதும், அடுத்த கட்டத்துக்குப் போயிடலாம். எனக்கும் வீட்டுல தூக்கமில்ல."

"வயல்ல ஒரு துண்டும் போகலை, லையல். போட்டது போட்டபடியே இருக்கு."

மேசைக்கு அடியில் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

நோயலீன் வாசல் மூட்டையிலிருந்து எடுத்து வைத்திருந்ததில் ஒன்றைக் கடித்தாள். "நான்தான். சாப்பிட்டுட்டிருக்கேன்."

லையல் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"இனிப்பு சரியா இருக்கு. துண்டுதான் கொஞ்சம் பெருசு. அடுத்த தடவை மெல்லிசா நறுக்கிப் போட்டுப் பாருங்களேன்."

"எழுதிக்கிறேன்," என்றார் லையல் நன்றியோடு. "துணைக்குழுவுல வெக்கறேன்."

அவள் தொலைபேசியை வைத்தாள். மோஸ் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அடுத்த துண்டுக்காக அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.